டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. நாளைக்கு மாமா மன்னார்குடிக்கு ஒரு வேலையாகப் போகிறார், அப்படியே திருத்துறைப்பூண்டிக்கும் வந்து உங்களைப் பார்த்துவிட்டு வருவார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவாய், பக்கத்தில் உன் மாமியார் இருப்பார், பாப்பா போனைப் பிடுங்குவாள். நான் சொல்லப்போவதில் சிலது உனக்கு மட்டுமானது. சிலதை நீ டாக்டரிடம் அப்படியே படித்துக் காட்டணும். அதனால்தான் கடிதம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தைராய்டு ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. டி.எஸ்.எச். 2.3. பக்கத்தில் நார்மல் அளவு 0.4 முதல் 4.2 வரை என்று அச்சடித்திருக்கிறது. டாக்டர் அதை வட்டம் போட்டு டிக் அடித்திருக்கிறார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, “தைராய்டெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, கண்டதைப் படிச்சுட்டு வந்து குழப்பிக்காதீங்க, சின்னக் குழந்தை இருக்கிற வீட்ல அசதி இருக்கத்தான் செய்யும், டென்ஷனைக் குறைங்க” என்று சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நீயும் சரி சார் என்று எழுந்து வந்துவிட்டாய். அந்த ஒரு வரியை வைத்து உனக்கு எதுவும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இதை நான் அடித்துச் சொல்கிறேன்.

முதலில் டி.எஸ்.எச். மட்டும் எழுதிக் கொடுத்ததில் அவர்மேல் தப்பில்லை. நான் வேலை பார்க்கிற லேபுக்கு வரும் சீட்டுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது போதும். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பியே பழுதானால் டி.எஸ்.எச். தவறாமல் ஏறிக் காட்டிக் கொடுத்துவிடும். உன் நாத்தனாருக்கு 18 என்று வந்ததே, அந்த மாதிரி. ஆனால் அந்த டெஸ்ட் ஒன்றை நம்பி நிற்கிறது. டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று அரை கிராம் எடையுள்ள ஒரு சுரப்பி இருக்கிறது, அங்கே சுரப்பது. நம் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாக மோட்டாரைப் போடுகிற சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதன் வேலைதான் பிட்யூட்டரிக்கு. சுவிட்சே கெட்டுப்போயிருந்தால் தொட்டி காலியானாலும் அது சும்மாதான் இருக்கும். சுவிட்சைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல முடியாது, தொட்டிக்குள் எட்டிப் பார்க்கணும். தொட்டியில் இருக்கிற தண்ணீர்தான் ஃப்ரீ டி4. அதை உனக்கு இதுவரை யாருமே பார்க்கவில்லை.

உன் சுவிட்ச் கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு ஏன் சந்தேகம் வந்தது தெரியுமா? தைராய்டு ரிப்போர்ட்டால் இல்லை. அதோடு நீ அனுப்பிய இன்னொரு ரிப்போர்ட்டால். போன மாதம் காய்ச்சலும் வாந்தியுமாக மயங்கி விழுந்து, டிரிப்ஸ் ஏற்றினார்களே, அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் சோடியம் 124. அது 135-க்குக் குறையக் கூடாது. ரெண்டு நாள் வாந்திக்கு அவ்வளவு கீழே போனது எனக்கு உறுத்தியது. எங்கள் லேபில் ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட வருகிற டாக்டரம்மாவிடம் இரண்டையும் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சோடியத்தைப் பார்த்தார், டி.எஸ்.எச்.சைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “உன் தங்கச்சிக்கு டெலிவரியில ப்ளீடிங் ஆச்சா?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உன்னை ஒரு முறைகூடப் பார்க்காதவர் கேட்கிறார்.

அந்த ராத்திரி உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். நஞ்சுக்கொடி முழுசாக வரவில்லை, ரத்தம் நிற்கவே இல்லை, 108-ல் ஏற்றித் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வண்டியில் உன் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணெல்லாம் வெளுத்து, காகிதம் மாதிரி இருந்தாய். பிரஷர் மேல் அளவு 60 என்றார் கூட வந்தவர், கீழ் அளவு கிடைக்கவே இல்லை. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியது. பாப்பாவும் நீயும் பிழைத்து வந்தீர்கள், நாங்களும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டோம். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

டாக்டரம்மா விளக்கினார். கர்ப்ப காலத்தில், பால் சுரக்க வைக்கிற செல்கள் பெருகுவதால் பிட்யூட்டரி பெரிதாகிவிடும். ஆனால் அந்த அளவுக்கு அதற்கு ரத்த ஓட்டம் கூடுவதில்லை. அந்த நேரத்தில் ரத்தம் நிறையப் போய் பிரஷர் விழுந்தால், அந்தச் சுரப்பிக்கு ரத்தம் எட்டாமல் அதில் ஒரு பகுதி செத்துப்போய்விடும். 1937-ல் ஹரால்ட் ஷீஹன் என்ற பிரிட்டன் டாக்டர் இதை விவரித்து எழுதினார். கிளாஸ்கோவில் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அவர் பேரால் ஷீஹன் சிண்ட்ரோம் என்று சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பல வருஷம் கழித்துத்தான் இது பல பேருக்குப் பிடிபடுகிறது. பணக்கார நாடுகளில் இது அரிதாகிவிட்டது. நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, ஸ்ரீநகர் டாக்டர்கள் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்களாம்.

உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நான் லேப் டெக்னீஷியன், நோய்க்குப் பேர் வைப்பது என் வேலை இல்லை. ஆனால் பார்க்காமலே இல்லை என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

இப்போது உனக்கு மட்டும். பிரசவமான முதல் நாளிலிருந்தே உனக்குப் பால் ஒரு சொட்டுகூட வரவில்லை. பூண்டுப் பால், சுறாப் புட்டு, எல்லாம் செய்து போட்டாள் அம்மா. கடைசியில் பவுடர் பால்தான். ‘பிள்ளைக்குப் பால் கொடுக்க வணங்காதவள்’ என்று ஒரு பேச்சு வந்ததும் எனக்குத் தெரியும், அதை நீ மனதில் வைத்துக்கொண்டு புழுங்குவதும் தெரியும். பால் சுரக்கச் சொல்கிற உத்தரவும் அதே பிட்யூட்டரியிலிருந்துதான் வரணும். அது வராவிட்டால் எந்தத் தாயாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பாப்பாவுக்கு வருகிற ஆவணியில் மூன்று வயது. இன்னும் உனக்கு மாதவிலக்கு வரவில்லை. அந்த டாக்டரிடம் போனபோது இதைச் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை என்றாய். பிரசவத்துக்காக ஷேவ் பண்ணின இடத்திலும் அக்குளிலும் முடி திரும்ப வளரவே இல்லை என்று ஒரு தரம் கூச்சத்தோடு சொன்னாய். அதையும் சொல்லணும். லேடி டாக்டராக இல்லாவிட்டாலும் சொல்லணும். இந்த நோயைக் கண்டுபிடிக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்விகளில் அது ஒன்று. இந்தச் சித்திரையில் இங்கே வந்திருந்தபோது, நாங்கள் எல்லாம் வெந்துகொண்டிருந்தோம், நீ ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கெட்டிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாய். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்றாய். மாப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நிமிஷம் கழித்துத்தான் திரும்புகிறாய். ஆளே மாறிப் போயிருக்கிறாய். இதற்கு ‘டென்ஷன்’ என்று பேர் வைத்து உன்னைத் திருப்பி அனுப்பியது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி அந்த டாக்டரிடம் எப்படிப் பேசணும் என்று சொல்கிறேன். வேறு டாக்டரிடம் போய்விடலாமே என்பாய். முதலில் அவரிடமே இன்னொரு முறை போகணும் என்பதுதான் என் எண்ணம். நாளைக்கு ராத்திரி பத்து மணிக்கு உனக்கு ஏதாவது ஆனால் உங்கள் ஊரில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது அவர் கிளினிக்குக்குத்தான். அவருக்கு உன் பிரசவக் கதை தெரிந்தாகணும். போன தடவை உள்ளே போனதும் “அசதியா இருக்கு, முடி கொட்டுது, தைராய்டு இருக்குமா சார்” என்று ஆரம்பித்தாய். ஒரு நாளைக்கு அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்பாரோ, அவர் காதில் ஏறாது. இந்தத் தடவை உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும் (பி.பி.எச். என்றால் பிரசவ ரத்தப்போக்கு): “சார், எனக்கு டெலிவரியில பி.பி.எச். ஆகி நாலு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க, பால் சுரக்கவே இல்ல, அதுக்கப்புறம் பீரியட்ஸும் வரவே இல்ல, போன மாசம் சோடியம் 124-க்கு இறங்கி மயக்கம் வந்துச்சு.” இதைக் கேட்ட பிறகு எந்த டாக்டரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

அதற்குப் பிறகு கேள்: “பிட்யூட்டரி சரியா இருக்கான்னு பார்க்க ஃப்ரீ டி4-ம் காலை கார்டிசாலும் எடுக்கலாமா சார்?” ‘ஃபுல் தைராய்டு டெஸ்ட்’ என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் டி3, டி4 என்று மொத்த அளவைப் போட்டு ஒரு பேக்கேஜ் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், உனக்கு வேண்டியது அதில் வராமல் போகலாம். ஃப்ரீ டி4 என்று பேர் சொல்லிக் கேள். புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., சோடியம் இவற்றையும் கூடப் பார்த்தால் படம் தெளிவாகிவிடும். உன் நாத்தனாருக்கு எடுத்த ஆன்டி-டி.பி.ஓ. உனக்கு அவசரமில்லை. அது தைராய்டையே நம் உடம்பு தாக்குகிறதா என்று பார்ப்பது, வேறு கதை.

“டி.எஸ்.எச். நார்மல்தானே” என்று அவர் மறுபடியும் சொல்லக்கூடும். அப்போது சண்டை போடாமல், “பிட்யூட்டரியில குறை இருந்தா டி.எஸ்.எச். நார்மலாவே வரலாம்னு எங்க அக்கா லேப்ல இருக்கிற டாக்டர் சொன்னாங்க சார், அதான் கேக்கறேன்” என்று சொல். அதற்கும் வேண்டாம் என்றால், “எனக்கு இந்த டெஸ்ட் ஏன் தேவையில்லைன்னு ஓ.பி. சீட்டுல எழுதிக் குடுங்க சார், வேற ஒருத்தர்கிட்டயும் காட்டிக்கறேன்” என்று கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இன்னொரு டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த சாசனத்திலேயே இருக்கிறது.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நீ பேச ஆரம்பித்து நடுவில் அழுதுவிடுகிறாய், அதைப் பார்த்தால் டாக்டர்கள் ‘மனசு சரியில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். பெண்கள் உடம்பைப் பற்றிச் சொன்னால் பாதிக்கு மேல் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள், நான் கவுன்டரில் தினமும் பார்க்கிறேன். அன்றைக்கு ராத்திரி நடந்ததை மாப்பிள்ளை தன் வாயால் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கும்.

உன் டிஸ்சார்ஜ் சம்மரி அம்மாவின் பீரோவில் இருந்தது. ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ரத்தப்போக்கைப் பற்றி அதில் ஒரே வரிதான், ரத்தம் ஏற்றிய கணக்கும் இருக்கிறது. பிரஷர் எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். அதற்கு எழுதிக் கொடுத்துக் கேட்கப்போகிறேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாகணும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது.

இனி ரொம்ப முக்கியமான ஒன்று. இதை மட்டும் இரண்டு தடவை படி. உன் நாத்தனார் வீட்டில் எல்ட்ராக்சின் மாத்திரை இருக்கிறது. ‘அதே தைராய்டுதானே, அவள் போட்டுக்கொள்வதில் பாதி போட்டுப் பார்’ என்று உன் மாமியார் சொன்னதாகச் சொன்னாய். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தொடவே தொடாதே. பிட்யூட்டரி பழுதானால் தைராய்டு மட்டும் குறையாது, கார்டிசாலும் குறைந்திருக்கலாம். கார்டிசால் என்பது உடம்பு காய்ச்சலையும் வாந்தியையும் தாங்கி நிற்க வேண்டிய ஹார்மோன். அது குறைவாக இருக்கும்போது தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்தால், மிச்சம் மீதி இருக்கிற கார்டிசாலும் வேகமாகக் கரைந்து, பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் கார்டிசாலைப் பார்த்து, குறைவாக இருந்தால் ஹைட்ரோகார்டிசோன் மாதிரி மாத்திரையை ஆரம்பித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தைராக்சின் கொடுப்பார்கள். ஒருவேளை டாக்டரே ஃப்ரீ டி4 குறைவு என்று பார்த்து உடனே தைராய்டு மாத்திரை எழுதினால்கூட, “கார்டிசால் பார்த்தாச்சா சார்” என்று கேட்டுவிட்டுத்தான் மருந்துக் கடைக்குப் போகணும்.

முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறாயே, அட்டையைப் பார், பயோட்டின் 10 மில்லிகிராம் என்று இருக்கும். அதை இன்றைக்கே நிறுத்திவிடு. சில மெஷின்களில் அது ரத்தத்தில் இருந்தால் ஃப்ரீ டி4 இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். உனக்குக் குறைவாக இருப்பது நார்மல் என்று வந்துவிட்டால் எல்லாம் பாழ். அமெரிக்காவில் மருந்துகளைக் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ. 2017-லேயே இதை எச்சரித்தது. இருந்தும் ரத்தம் எடுக்கும் முன் இதைக் கேட்கிற லேப்கள் குறைவு.

ரத்தத்தை இங்கே என் கையாலேயே எடுத்துவிடுகிறேன். கார்டிசால் காலை எட்டு மணி வாக்கில்தான் எடுக்கணும், அப்போதுதான் அது உடம்பில் உச்சத்தில் இருக்கும். சாயங்காலம் எடுத்தால் குறைவாக வருவது இயல்பு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலை அளவே 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பமாட்டேன், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவேன். நடுவாந்திரமாக வந்தால் ஊசி போட்டு இன்னொரு டெஸ்ட் செய்வார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்து பிட்யூட்டரி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

உங்கள் ஊர் டாக்டர் கேட்டுக்கொண்டு மேலே அனுப்பினால் நல்லது. கேட்காவிட்டாலும் நாம் நிற்கப்போவதில்லை. புதுச்சேரி ஜிப்மரில் எண்டோகிரைனாலஜிக்கென்றே தனித் துறை இருக்கிறது. சிதம்பரம், கடலூர் வழியாக பஸ்ஸில் போய்விடலாம், நான் லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறேன். செலவைப் பற்றி இப்போது யோசிக்காதே, அதை நானும் மாமாவும் பார்த்துக்கொள்கிறோம். மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்காதே, மாமா வந்து அவரிடம் பேசுவார்.

அதற்குள் காய்ச்சலோ வாந்தியோ பேதியோ வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்க்காதே. உடனே ஆஸ்பத்திரி. போனதும், “சோடியம் குறைஞ்சிருக்கு, கார்டிசால் குறைவா இருக்கலாம்” என்று மாப்பிள்ளை சொல்லணும். இந்த வாக்கியத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். ஒருவேளை பிட்யூட்டரிதான் என்று உறுதியாகி மாத்திரை ஆரம்பித்தால், அதற்குப் பிறகு டி.எஸ்.எச்.சைப் பார்த்து டோஸைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஃப்ரீ டி4-ஐப் பார்த்துத்தான். வேறு ஊரில் வேறு டாக்டர் டி.எஸ்.எச். ரொம்பக் குறைவாக இருக்கிறதே, மாத்திரை அதிகம் என்று குறைத்துவிடக்கூடும். அப்போதும் நீ வாயைத் திறக்கணும்.

சின்ன வயசிலிருந்தே உனக்கு டாக்டர், வாத்தியார், பேங்க் மேனேஜர் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிற சுபாவம். உன் உடம்பு என்ன சொல்கிறது என்பது உனக்குத்தான் தெரியும், அதை அவர் மேஜையில் வைக்க வேண்டியதும் நீதான். இது மருந்து இல்லாத நோய் இல்லை. சரியான மாத்திரையில் அசதி தீரும், குளிர் விடும், பாப்பா பின்னால் ஓடுவாய். டாக்டரம்மா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடு. ராத்திரி இங்கேயே தங்கிவிட்டு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு லேபில் இருக்கணும். வேலை இருக்கிறது, மாமியார் என்ன சொல்வாரோ என்று எந்தக் காரணமும் சொல்லித் தள்ளிப்போடாதே. வந்தே ஆகணும்.

உன் அக்கா